செட்டில் சொன்ன வல்லாஹி

அஸீம் செட்டில் வல்லாஹி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நஸ்லின் அப்போது அடுப்படி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

கிழக்குக் கரை ஊரான சாய்ந்தமருதில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் வீடுகள் பலவற்றில் ரேடியோ செட் இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடலில் நிற்கும் படகுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தைச் சொல்லும். வடக்கு இத்தனை பாகை, கிழக்கு இத்தனை பாகை. கரையில் பெண்கள் அதைக் கேட்டு ஆறுதல் அடைவார்கள். மற்றப் படகுக்காரர்களும் கேட்பார்கள். அதனால் உண்மையான இடத்தை யாரும் சொல்வதில்லை. சூரை மீன் படுகிற இடத்தை ஒருவன் வாய் தவறிச் சொன்னால், மறுநாள் விடியும்போது அங்கே பத்துப் படகு நிற்கும்.

இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பள்ளிவாசலுக்கு ஒழுங்காகப் போகிறவன், அடுத்தவன் வலையில் கை வைக்காதவன், எல்லோரும் இடத்தை மாற்றித்தான் சொல்வார்கள். கேட்கிறவனும் அது மாற்றிச் சொன்ன இடம் என்று தெரிந்துகொண்டே கேட்பான். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு இருந்தது. இடத்தை எப்படியும் சொல்லலாம், அதன் மேல் வல்லாஹி, அல்லாஹ்வின் மேல் ஆணை, என்று போடக் கூடாது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டால் அது உண்மையாக இருக்க வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒவ்வொரு படகுக்காரனும் உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைக் கரையில் ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவான். ஆபத்து ஏதும் வந்தால் தேடுவதற்கு. அஸீம் தன் மனைவி நஸ்லினிடம் சொல்லியிருந்தான். அவன் சொல்கிற வடக்கு இலக்கத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எட்டு என்றால் ஏழு. கடலில் அந்த ஒன்று அறுபது மைல். இது அமானிதம், நம்பி ஒப்படைக்கிறது, என் உம்மாவுக்கும் சொல்லக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வடக்கு எட்டு, கிழக்கு எண்பத்து நாலு என்றான். உடனே ஸலாஹுதீனின் குரல் வந்தது. ஸலாஹுதீன் இன்னொரு படகுக்காரன், அஸீமுக்கு மச்சான் முறை, வாய்க்காரன்.

"மச்சான், ஒங்கட எட்டு எந்த எட்டு? நாங்க செல்ற எட்டா, மெய்யான எட்டா?"

செட்டில் பலர் சிரித்தார்கள். மார்க்கத்தில் பொய் சொல்ல அனுமதி உள்ள இடங்கள் மூன்றுதான் என்று மௌலவி சொல்வார், நாலாவது சூரை மீனுக்குப் போலும் என்று யாரோ ஒருவன் சொன்னான். ஸலாஹுதீன் விடவில்லை.

"அப்ப வல்லாஹி போட்டுச் செல்லுங்க பாப்பம்."

அஸீம் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். ஆனால் அதற்கு முந்திய இரண்டு தடவையும் அவன் வெறும் ஐஸோடு திரும்பி வந்தவன். இந்த முறைதான் மீன் பட்டிருந்தது. சிரித்து மழுப்பினால் எட்டு பொய் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும், தேடத் தொடங்குவார்கள். பக்கத்தில் அவனுடைய ஆட்கள் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"வல்லாஹி, நான் எட்டிலதான் நிக்கன்," என்றான்.

 பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறு வருடக் கடல் வாழ்க்கையில் அஸீம் வல்லாஹி சொல்லி யாரும் கேட்டதில்லை. கரையில் வலைச் சண்டை வந்தால் அவன் சத்தியம் இல்லாமல் சொல்கிற சொல்லையே ஏற்றுக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவன் சத்தியமே போட்டுவிட்டான்.

நஸ்லின் மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்தாள். 

வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுது சற்று நேரத்தில் மர்ஷூதா செருப்பும் இல்லாமல் ஓடி வந்தாள். அவள் இரண்டு வளவு தள்ளி இருக்கிறவள், படகுக்காரன் ஜவுபரின் மனைவி. அவளுடைய தம்பி இன்ஷாபும் அதே படகில் இஞ்சின் பார்க்கிறவன். அவர்களுடைய வீட்டுச் செட் பழுதாகி ஒரு மாதம். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள், ஜவுபரின் படகுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று.

நஸ்லின் செட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஜவுபரின் குரல் இரைச்சலுக்குள் வந்தது. இஞ்சின் தண்டு வெளியே போகிற இடத்தால் தண்ணீர் உள்ளே வருகிறது, இஞ்சின் மூழ்கி நின்றுவிட்டது, பம்பும் வேலை செய்யவில்லை, வாளியால் அள்ளுகிறோம் என்றான். அவர்கள் ஐந்து பேர். கரைப் பக்கமிருந்து அடிக்கிற கச்சான் காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டு போகிறது.

"வடக்கு எட்டு, கிழக்கு எண்பத்து நாலுக்குக் கொஞ்சம் வெளிய. இது மெய்யான இடம். கேக்கிறீங்களா, மெய்யான இடம்."

வயதில் மூத்தவர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், மீனவர் சங்கச் செயலாளர் சீனிமுகம்மது சைக்கிளில் வந்து இறங்கினார். நஸ்லின் வீட்டு ஏரியல் கம்பிதான் அந்தப் பக்கத்தில் உயரமானது, தூரத்துக் குரலும் தெளிவாகக் கேட்கும். அவர் கடற்படைக்கு அறிவித்துவிட்டு வந்திருந்தார். அவர்களுடைய கப்பல் போய்ச் சேர மறுநாள் காலை ஆகுமாம். அதுவரை படகு தாங்குமா என்று ஜவுபரிடம் கேட்டார். அள்ளிக்கொண்டே இருந்தால் மஃரிபு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தெரியாது என்றான் ஜவுபர்.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று சீனிமுகம்மது செட்டில் கேட்கவே இல்லை. கேட்கத் தேவை இல்லை என்று நினைத்தார். அஸீம் எட்டில் நிற்கிறான் என்று அவருக்கு மட்டுமா, கடலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அஸீம், கேக்கிறியா? ஒனக்குப் பத்து மைலும் இல்ல. வலைய விட்டுட்டுப் போ."

இஞ்சின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"ஓம் காக்கா. நான் போறன்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டதற்கு, கச்சான் அடிக்கிறது, கொஞ்சம் நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னான். மணிக் கணக்கைச் சொல்லவில்லை.

சீனிமுகம்மது கதிரையில் சாய்ந்து தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மர்ஷூதா நஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஒங்கட மாப்பிள்ள வல்லாஹி போட்டத்தாலதான் கா இவர் அந்தப் பக்கம் போனவர்," என்றாள். "அஸீம் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான், அங்க மீன் இரிக்கி எண்டு செவ்வாக்கிழமை ராவே கிறுகினவராம். அல்லாஹ்ட கிருபையப் பாருங்க. இல்லாட்டி இப்ப ஆரு கிட்ட நிப்பாங்க?"

நஸ்லின் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அறுபது மைல். அஸீமின் படகு எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு ஏழு மைலுக்கு மேல் ஓடாது. எட்டரை, ஒன்பது மணித்தியாலம். இப்போது இரண்டு மணி. மஃரிபு ஆறேகாலுக்கு.

தண்ணீர் கொதித்து வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்று முதல் நிமிடமே நினைத்தாள். ஆனால் எப்படி? செட்டில் பேசினால் பதினொரு படகும் கேட்கும், கரையில் முப்பது வீடும் கேட்கும். சீனிமுகம்மதிடம் காதுக்குள் சொன்னாலும் அவரும் செட்டில்தானே சொல்ல வேண்டும். அஸீம் அமானிதமாகத் தந்தது. அதை விடவும் பெரியது, அவன் பெயர். இந்த ஊரில் அவனுக்கு இருந்த சொத்தே அந்தப் பெயர்தான். அவனாகச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். இப்போது சொல்வான், இந்த முறை செட் கரகரத்தால் சொல்வான். தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. செட் கரகரத்தபோதெல்லாம் ஜவுபர்தான் பேசினான், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று.

மூன்றரைக்குக் கிட்ட அஸர் பாங்கு சொன்னதும் சீனிமுகம்மது பள்ளிக்குப் போனார். மர்ஷூதா உள் அறையில் தொழப் போனாள். நஸ்லின் செட்டின் திருகைத் திருப்பி, அவளும் அஸீமும் மட்டும் பேசுவதற்கு வைத்திருந்த அலைவரிசை இலக்கத்துக்குப் போனாள். அங்கே அவன் ஏற்கனவே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ தெரியாது.

"நான் வந்துக்கு இரிக்கன் புள்ள. வலைய வெட்டி விட்டுட்டன். முழு வேகத்தில வாறன்."

"எத்தின மணிக்குப் போய்ச் சேருவீங்க?"

"பத்தரை, பதினொண்டாகும்."

"அவங்க மஃரிபு வரைக்கும்தான் எண்டு செல்றாங்க."

 நஸ்லின் கதவுப் பக்கம் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். மற்றவர்கள் இருக்கிற இலக்கத்துக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள், கிட்ட வேறு யாரும் நிற்கலாம் என்றாள். ஒருத்தரும் இல்லை, ஸலாஹுதீன் முல்லைத்தீவுக்கு நேரே நிற்கிறான், மற்றவர்கள் எல்லாம் தெற்கே என்றான் அவன். அவர்கள் சொல்வதும் உங்கள் எட்டு மாதிரித்தானே என்றாள் அவள். 

"நான் வல்லாஹி போட்டவன்," என்றான் அவன். குரல் வேறு மாதிரி இருந்தது. "இடத்தப் பொய்யாச் சொன்னவன் எண்டா ஆரும் ஒண்டும் செல்லமாட்டாங்க. இது அப்பிடி இல்ல. என்ட முகத்தில ஆரு முழிப்பாங்க? அவன் என்ட சத்தியத்த நம்பித்தான் அங்க போனவன்."

"அதுக்குத்தான் செல்லுங்க எண்டன்."

"பொறு. நான் வேற மாதிரிச் செல்றன். என்ட இஞ்சின் சூடாகிட்டு, போக ஏலாமக் கிடக்கன், வேற ஆரும் போங்க எண்டு செல்றன். கிட்ட ஆரும் நிண்டா அவங்க போவாங்க தானே. நான் எங்க நிண்டா என்ன?"

உள்ளே மர்ஷூதா தொழுகை முடித்துச் சலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. நஸ்லின் யோசித்தாள். இதுவும் பொய்தான். ஆனால் இது ஐந்து பேரைக் காப்பாற்றுகிற பொய். அவன் பெயரும் போகாது. இதைவிட நல்ல வழி வேறு எது இருக்கப் போகிறது?

"செல்லுங்க," என்றாள். "கெதியாச் செல்லுங்க."

அவள் திருகை மறுபடியும் பொது இலக்கத்துக்குத் திருப்பினாள். மர்ஷூதா வந்து பக்கத்தில் இருந்து மறுபடியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அஸீமின் குரல் வந்தது. இஞ்சின் சூடாகிவிட்டது, நின்று நின்று போக வேண்டியிருக்கிறது, கிட்ட நிற்கிறவர்கள் யாரும் இருந்தால் போகச் சொன்னான்.

நஸ்லின் செட்டின் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

 தெற்கே நிற்பதாகச் சொல்லியிருந்த ஒருவன், நான் நூறு மைலுக்கு அங்கால் நிற்கிறேன் என்றான். இன்னொருவனும் அப்படியே சொன்னான். ஸலாஹுதீன் வந்தான்.

"மச்சான், பத்து மைல் தானே. ஆற விட்டு ஆற விட்டுப் போனாலும் ரெண்டு மணித்தியாலத்தில போயிடுவீங்க. பச்சத் தண்ணிய ஊத்தி ஊத்திப் போங்க. நாங்க எங்க இரிந்து வாற?"

பத்து மைலில் ஒருவன் இருக்கும்போது தன் இடத்தைக் காட்டிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. அஸீம் போகாமல் இருக்கமாட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் ஒவ்வொருவனையும் நின்ற இடத்திலேயே நிற்க வைத்தது. நஸ்லினுக்கு அது அப்போதுதான் விளங்கியது. அவளும் சரி என்று சொன்ன இரண்டாவது பொய், முதல் பொய்யின் மேலே ஏறி இருந்துகொண்டது.

சீனிமுகம்மது பள்ளியால் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு அஸீமைக் கூப்பிட்டார். எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்றார்.  அவன் வாய் திறப்பதற்குள் இன்ஷாபின் குரல் வந்தது. பற்றறியைத் தூக்கிக் கூரையில் வைத்துவிட்டோம், தண்ணீர் மேல் பலகைக்கு வந்துவிட்டது, வெறும் எண்ணெய்க் கான்களை எல்லாம் சேர்த்துக் கட்டுகிறோம் என்றான். ஜவுபர் எங்கே என்று மர்ஷூதா செட்டைப் பார்த்துக் கேட்டாள். அது அவனுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அஸீம் காக்கா," என்றான் இன்ஷாப். "எந்தப் பக்கத்தால வாறீங்க? நான் கூரையில ஏறி நிண்டு பாக்கன். ஒண்டும் தெரியுதில்லயே. எந்தப் பக்கம் எண்டு செல்லுங்க, அந்தப் பக்கத்தப் பாத்துக்கு நிக்கன்."

செட் கரகரத்தது. அஸீம் பேசவில்லை.

"எந்தப் பக்கம் காக்கா?"

நஸ்லின் மைக்கை எடுத்தாள். சீனிமுகம்மது, அவள் கணவனிடம் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்துக் கதிரையை நகர்த்தி இடம் விட்டார். அவளுடைய இடது கை இன்னும் மர்ஷூதாவின் கைக்குள் இருந்தது.

"நான் அஸீம்ட வீட்டுக்காரி கதைக்கன். எல்லாரும் கேளுங்க. அவர் எட்டில இல்ல. ஏழில நிண்டவர். அவர் போய்ச் சேர ராவு பத்தரைக்கு மேல ஆகும். இஞ்சின் சூடானதும் பொய், அது எனக்கும் தெரியும். கிட்ட ஆரும் நிண்டா மெய்யான இடத்தச் செல்லுங்க. அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க."

அவள் மைக் பொத்தானில் இருந்து விரலை எடுத்தாள்.  மர்ஷூதாவின் கை மெதுவாக விலகிப் போனது. சீனிமுகம்மது கலண்டரில் இருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்தார். சுவரில் இருந்த மணிக்கூட்டில் நாலு மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

முதலில் வந்தது ஸலாஹுதீனின் குரல். அதில் பகிடி ஒன்றும் இல்லை.

"நான் முல்லைத்தீவுப் பக்கம் இல்ல. ஜவுபருக்கு வடக்கால நிக்கன். பதினாலு மைல். கிறுகிட்டன், இந்தா போறன்." அவனுடைய இஞ்சின் முறுகுகிற சத்தம் கேட்டது. "நான் அப்பவே போயிரிப்பன். அஸீம் கிட்ட எண்டுதான் நிண்டன்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நூறு மைலுக்கு அங்கால் என்றவன் நாற்பது மைலில் நின்றான். தெற்கே என்றவன் வடக்கே நின்றான். ஒருவன், நான் சொன்ன இடத்துக்கு இந்த முறை போகவே இல்லை என்றான். சீனிமுகம்மது கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். அவசரத்தில் பேனை இரண்டு தரம் தாளைக் கிழித்தது. எழுதி முடித்துப் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமை சொன்ன இடத்தில் நின்றது ஒரு படகும் இல்லை. உண்மை சொன்னது தாழ்ந்துகொண்டிருந்த படகு மட்டும்தான்.

கடைசியாக அஸீம் வந்தான்.

"அவ சொன்னது மெய்," என்றான். "நான் ஏழில இரிந்து வாறன்." 

இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மர்ஷூதா எழுந்து போய் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டாள். அயல் பெண்கள் வந்து கூடினார்கள், அவர்களும் அவள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒருத்தி ஸலவாத்து ஓதினாள். நஸ்லின் செட்டுக்கு முன்னால் தனியாக இருந்தாள். நாலரைக்கு இன்ஷாப் பேசினான், ஐந்து மணிக்குப் பேசினான், அதற்குப் பிறகு அவர்களுடைய செட் பேசவில்லை. ஸலாஹுதீன் மட்டும் கால் மணிக்கு ஒரு தரம், இன்னும் காணவில்லை, இன்னும் காணவில்லை என்றான்.

"ஒனக்குத் தெரியும்," என்றாள் மர்ஷூதா. அவள் நஸ்லினைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நஸ்லினை அவள் ஒரு நாளும் நீ என்றதில்லை. "நான் லுஹருக்கு வந்தன். அப்பவும் ஒனக்குத் தெரியும்."

 நஸ்லின் சொல்வதற்கு என்ன இருந்தது? அமானிதம் என்று சொல்லலாம். மாப்பிள்ளையின் மானம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டு மணித்தியாலம் அவள் அந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பதினாலு மைலில் ஒரு படகு சும்மா நின்றது.

மஃரிபு பாங்கு சொல்லத் தொடங்கிய நேரத்தில் செட் கரகரத்தது. பாங்குச் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சீனிமுகம்மது காதைச் செட்டோடு வைத்தார்.

"அஞ்சு பேரையும் ஏத்திட்டம்," என்றான் ஸலாஹுதீன். "கான புடிச்சிக்கு மிதந்தாங்க. ஜவுபருக்குக் காலில காயம். படகு போயிட்டு, காக்கா. படகக் காணல்ல."

மர்ஷூதா இருந்த இடத்திலேயே நெற்றி தரையில் படச் சுஜூதில் விழுந்தாள். நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பிய பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு, பெண்களோடு சேர்ந்து வாசலைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அஸீம் ஒன்பது நாள் கழித்துக் கரைக்கு வந்தான். வெட்டிவிட்ட வலையை எடுக்க அவன் ஏழுக்குத் திரும்பிப் போவதற்குள் அங்கே நாலு படகு நின்றதாம். அவன் அவர்களோடு சேர்ந்து வலை போடாமல் வேறு பக்கம் போயிருக்கிறான், ஒன்றும் படவில்லை. கரையில் அவனுக்கு யாரும் ஏசவில்லை. எல்லோரும் சலாம் சொன்னார்கள், மீன் எப்படி என்று கேட்டார்கள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் நஸ்லினிடம் பிறகு சொன்னான்.

ஜவுபர் கட்டுப் போட்ட காலோடு வந்து கரையில் நின்றிருந்தான். அஸீம் அவனிடம் போய் மன்னித்துக்கொள்ளச் சொன்னான். இடத்தைப் பொய்யாகச் சொன்னதற்குத் தனக்குக் கோபமே இல்லை, தானும் சொல்கிறவன்தான் என்றான் ஜவுபர்.

"அல்லாஹ்வ என்னத்துக்குடா இழுத்தாய்?" என்று மட்டும் கேட்டானாம். "நீ வல்லாஹி போடாட்டி நான் போயிரிக்கமாட்டனே."

வீட்டில் அஸீம் இரண்டு நாள் சாப்பிட்டான், தூங்கினான், பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பி, நீ செய்தது சரிதான் என்றான். நஸ்லின் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சாரனை உதறினாள்.

"ஆனா நீ சொல்லியிரிக்கப்படா. நான் சொல்லியிரிப்பன்."

"எப்ப?" என்றாள் நஸ்லின்.

அவன் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.   சரி என்று இஞ்சின் பொய்க்குத் தலையாட்டியவள் தானும்தான் என்று அவளுக்கு நினைவிருந்தது. அதையும் அவனிடம் சொன்னாள். நீங்கள் மட்டும் இல்லை என்றாள்.

மறுநாள் அவன் மௌலவியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். பொய்ச் சத்தியத்துக்கு முதலில் தௌபா, அல்லாஹ்விடம் மன்னிப்பு, பிறகு கஃப்பாரா, பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். பள்ளியில் ஒப்படைத்தால் அவர்களே பங்கு வைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அஸீம் சொன்னான். அப்படிச் செய்தால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. நாமே கொண்டு போவோம் என்றாள் நஸ்லின்.  அவன் ஓம் என்றான்.

சோறும் இறைச்சியும் பருப்பும் ஆக்கிப் பத்துப் பார்சல் கட்டினாள். அஸீம் மோட்டார் சைக்கிளை எடுத்தான். அவள் பின்னால் ஏறி, பார்சல் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் வீடு சபூறா மாமியின் வீடு. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கிறவள், பாய் இழைத்து விற்கிறவள். இறங்காமலே படலைக்கு முன்னால் நிறுத்தி அஸீம் கூப்பிட்டான். மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பார்சலின் மணம் அவளுக்கு முதலே வந்துவிட்டது.

"என்ன மனே, நேர்ச்சையா?"

"ஓம் மாமி," என்றான் அஸீம்.

மாமி இரண்டு கையையும் நீட்டினாள். பை நஸ்லினின் மடியில் இருந்தது. அவள் அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவிழ்க்கவில்லை. மாமியின் கை நீட்டியபடியே நின்றது. அஸீம் பின்னால் கையை நீட்டினான். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். நஸ்லின் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக இல்லை, காத்திருக்கிற மாதிரி.

பக்கத்து வளவில் இரண்டு பெண்கள் குழாயடியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார்கள். அஸீம் மோட்டார் சைக்கிளின் இஞ்சினை நிறுத்தினான். சத்தம் அடங்கிய பிறகு அவன் குரல் பக்கத்து வளவுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

"இல்ல மாமி, நேர்ச்ச இல்ல. நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டன். அதுக்கு கஃப்பாரா."

சபூறா மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரும் மௌத்தாகினாங்களா?"

"இல்ல மாமி. அல்லாஹ் காப்பாத்திட்டான்."

"அப்ப தா," என்றாள் மாமி. "எனக்குப் பசிக்கி."

நஸ்லின் பையை அவிழ்த்து ஒரு பார்சலை எடுத்துக் கொடுத்தாள். மாமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறைச்சியா கோழியா என்று கேட்டாள். இறைச்சி என்று நஸ்லின் சொன்னாள். அஸீம் மோட்டார் சைக்கிளை உதைத்தான். முதல் உதையில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது. குழாயடிப் பெண்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அடுத்தது ஆருர ஊடு?" என்று கேட்டான்.